கந்தூரிக்குக் கப்பல் இல்லை

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் கிடக்கும் கடல் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். நாகபட்டினத்தில் இறங்கி இன்னும் ஐந்தாறு கிலோமீற்றர் வடக்கே போனால் நாகூர் தர்கா. ஓட்டோக்காரரோடு பேரம் பேசி முடிவதற்குள் பெரிய மினாரா தலை காட்டிவிடும். கொழும்புக்கோ 400 கிலோமீற்றர். ஆக, யாழ்ப்பாணத்துச் சோனகனுக்குத் தன் நாட்டுத் தலைநகரைவிட நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது நாயகம்தான் என்றைக்கும் கிட்ட இருந்தவர். எங்கள் குடும்பம் தலைமுறைக்கு ஒரு தரமாவது இந்தக் கடலைக் கடந்திருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை வசதி கூடிக்கொண்டே வந்தது. அந்த வசதியால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் போனவர் வாப்பும்மா. 1948ஆம் ஆண்டு, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம். அந்த வருடம் ஜமாதுல் ஆகிர் பிறை சித்திரைப் பிறப்பை ஒட்டித் தென்பட்டது. நாகூரில் கந்தூரிக்குக் கொடியேறுகிற கிழமையும் வண்ணார்பண்ணைக் கடைக்காரர்கள் கைவிசேஷம் கொடுக்கிற கிழமையும் ஒன்றாக வந்தன. வாடை அடங்கிவிட்டது, சோழகம் இன்னும் எழும்பவில்லை. கடல் தோணிக்கு விட்டுக்கொடுக்கிற மாதம் அது. வல்வெட்டித்துறைத் தோணி ஒன்று பனஞ்சலாகை ஏற்றிக்கொண்டு நாகபட்டினம் போகிறது என்று பெரியகடையில் கதை அடிபட்டது. சோனகத் தெருவிலிருந்து சில குடும்பங்கள் மாட்டுவண்டியில் துறைக்குப் போய், சலாகைக்கு மேலே பாயை விரித்து உட்கார்ந்துகொண்டன. பயணப் பதிவு அவ்வளவுதான்.

பொதிக்கு நிறைக் கட்டுப்பாடு கிடையாது. வாப்பும்மா ஏற்றிய சாமான்களின் பட்டியல் எங்கள் வீட்டில் பாட்டுப்போல ஓதப்படும்: ஒரு சாக்கு அரிசிமா, இரண்டு குடம் தண்ணீர், பனங்கட்டிக் குட்டான்கள், எலுமிச்சங்காய் ஊறுகாய், மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் தருவேன் என்று நேர்ந்த ஒரு கிடாய். கிடாய் தோணியின் அணியத்தில் கட்டுண்டு நின்றதாம். விசா, சுகாதாரச் சான்று, வருகைப் படிவம் ஒன்றும் அதனிடம் இல்லை. வாப்பும்மாவிடமும் இல்லை.

தண்டையல் சைவக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. பாய்மரத்தடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியதாம், உள்ளே நாகூர் ஆண்டவருக்கென்று முடிந்த காசு. கடலோடிகளுக்கு நாகூரார் மேல் இருக்கும் பற்றுக்கு ஒரு கதை உண்டு. நாயகம் முடி மழித்துக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து தாழ்வது அவர் உள்ளத்துக்குத் தெரிந்ததாம். கையிலிருந்த முகக்கண்ணாடியை அவர் வீச, அது பறந்து போய் ஓட்டையை அடைத்ததாம். இன்றும் தர்காவில் கப்பல் உருவம் பொறித்த நேர்ச்சைத் தகடுகளைக் காணலாம். நடுக்கடலில் காற்று விழுந்து தோணி அசையாமல் நின்றபோது, “எங்களுக்கு முன்னம் தண்டையல்தான் மகன் ‘யா ஷாகுல் ஹமீது’ எண்டு கூப்பிட்டவர், நாங்கள் பிறகுதான் வாய் திறந்தம்” என்று வாப்பும்மா சொல்லுவா. கடலில் அவர்கள் எத்தனை இரவு கிடந்தார்கள் என்பதில் அவவுக்கும் கூடப் போன மாமிக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை.

நாகூரில் தங்குமிடம் சாபு வீடு. தர்காவின் பரம்பரைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களைச் சாபுமார் என்போம். துறையில் இறங்கியதும் ஒரு சாபு எதிரே வந்து, “யாழ்ப்பாணமா? எந்தத் தெரு?” என்று கேட்பார். தெருவைச் சொன்னால் போதும், அதற்குப் பிறகு உங்கள் உணவு, உறக்கம், மொட்டை, பாத்திஹா எல்லாம் அவர் பொறுப்பு. திண்ணையில் ஆண்கள், உள்ளே பெண்கள், கொல்லையில் கிடாய். புறப்படும்போது மனமுவந்து கொடுப்பதுதான் கட்டணம். மனம் உவக்காதவர்களுக்குச் சாபு கொஞ்சம் உதவி செய்வார் என்றும் கேள்வி.

அடுத்த ஆண்டே வசதிகள் வரத் தொடங்கின. 1948இல் நிறைவேற்றிய குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெரியகடைக்குப் போவதுபோல் நாகபட்டினம் போய்வந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா என்ற இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. தோணி அதே தோணி, தண்டையல் அதே தண்டையல், கடலும் அதே கடல். ஆனால் அதில் ஏறுகிறவருக்கு ஒரு புதுப் பட்டம் வந்துவிட்டது: கள்ளத்தோணி. நேர்ச்சைக் கிடாயோடு போனவரையும் தங்கக் கட்டியோடு போனவரையும் சட்டம் ஒரே தோணியில் ஏற்றிவிட்டது. சமத்துவம் என்றால் இதுதான்.

என் முறை 1974இல் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா பெரியகடையில் தையல்கடை வைத்திருந்தார். வாப்பும்மா கிழவியாகிவிட்டா. இம்முறை எல்லாம் முறைப்படி: கடவுச்சீட்டு, விசா, செலாவணி அனுமதி. தோணி இல்லை, ரெயில் இருந்தது. தனுஷ்கோடியை 1964 டிசெம்பர்ப் புயல் விழுங்கியபின் தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. ஆகவே வடக்கே 110 கிலோமீற்றரில் இருந்த நாகூருக்குப் போக நாங்கள் தெற்கே புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சி, அங்கே இறங்கி வேறு ரெயில் மாறி மேற்கே தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகபட்டினம், நாகூர். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ள ஊரைச் சுற்றி வருவது போன்ற பயணம். வாப்பும்மாவுக்குச் சந்தேகம் தீரவே இல்லை. மதவாச்சி மேடையில் நின்றுகொண்டு, “மகன், நாங்கள் கண்டிக்குப் போறமோ?” என்று கேட்டா.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேல்தட்டில் எங்களைப் போல நேர்ச்சைக்காரர், ராமேஸ்வரத்துக்குப் போகும் சைவர், சீலை வியாபாரிகள். கீழே தகரப் பெட்டிகளோடும் பாய்ச்சுருளோடும் மலையகத்துக் குடும்பங்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்கள். அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. எங்கள் கையில் இருவழிச் சீட்டு, அவர்கள் கையில் ஒருவழி. ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள். வாப்பும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தா.

“எந்த ஊருக்குப் பிள்ளை?”

“தெரியாதுங்கம்மா. பாட்டன் ஊருன்னு தாள்ல எழுதியிருக்காங்க. புதுக்கோட்டைப் பக்கமாம்.”

“நீ பிறந்த ஊர்?”

“அட்டன்.”

வாப்பும்மா மடியிலிருந்த பனங்கட்டிக் குட்டானை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து வாப்பாவிடம் சொன்னா: “பாவம், அதுகளுக்கு ஊர் எண்டு ஒண்டு இல்லை.” எங்களுக்குச் சோனகத் தெரு இருந்தது. இறைச்சிக்கடை, இரும்புக்கடை, உஸ்மானியாக் கல்லூரி, பெரிய பள்ளிவாசல், ஐந்து சந்தி, எல்லாம் ஆணியடித்ததுபோல் இடத்தில் இருந்தன. அனுதாபப்படுவதற்கு எங்களிடம் நிறைய வசதி இருந்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1964 ஒக்டோபர் 30. அந்தத் தேதியை நான் பின்னால் வேறொரு கணக்குக்காக மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது.

நாகூரில் பழைய சாபுவின் மகன் எங்களை எதிர்கொண்டார். பழைய கொப்பி ஒன்றைப் புரட்டி, வாப்பும்மாவின் வீட்டுக்காரர் பெயரைக் கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்துக் காட்டினார். கணினி இல்லாத காலத்தில் அதைவிடப் பெரிய வரவேற்பு ஏது? தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிய 131 அடி மினாராவை நான் கழுத்து வலிக்கப் பார்த்தேன். ஓர் இந்து அரசன் ஒரு முஸ்லிம் அவுலியாவுக்கு இத்தனை உயரத்தில் கட்டியது எப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை, உச்சியிலிருந்து புறா எச்சம் விழுமா என்றுதான் யோசித்தேன். கந்தூரிக் கொடி நாகபட்டினத்திலிருந்து ஊர்வலமாக வந்ததாம். மரத்தில் கப்பல் செய்து, சக்கரம் பூட்டி, விளக்குச் சோடித்துத் தெருவில் இழுத்து வருவார்கள். பாய்மரம், கொடி, எல்லாம் உண்டு. நாங்கள் சுற்றிவந்து சேர்ந்த தாமதத்தில் அது போய்விட்டது. பத்தாம் இரவுச் சந்தனக்கூட்டைத்தான் கண்டோம். அந்தக் கிழமையில்தான் கொழும்பிலும் டெல்லியிலும் கச்சதீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலுக்கு நடுவே ஒரு கோடு விழுந்ததை நாங்கள் சந்தன வாசனையில் கவனிக்கவில்லை.

திரும்பும்போது சுங்கம். அக்காலத்தில் இலங்கையில் துணிக்கு இருந்த தட்டுப்பாடு தெரிந்தவர்களுக்கு வாப்பாவின் தந்திரம் புரியும். நாகூரில் வாங்கிய துணியை வெட்டாமல், மடித்து மடித்து ஓட்டுத்தையல் போட்டு, எனக்கு ஒரு ஜிப்பாவாக மாட்டிவிட்டார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கைகள் விரல் நுனியையும் தாண்டின. சுங்கத்தில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வளர்கிற பிள்ளை” என்றார். வாப்பா தலையாட்டினார். யாழ்ப்பாணம் வந்ததும் என்னைப் பிரித்து மூன்று பேருக்குச் சட்டை தைத்தார்.

பிறகு 1984இல் ராமானுஜமும் நின்றது. போர்க்காலத்தில் கடல் இரண்டு கடற்படைகளுக்கும் ஒரு கடற்புலிப் படைக்கும் தேவைப்பட்டது. யாத்திரிகர்களுக்கு அதில் இடம் போதவில்லை.

1990 ஒக்டோபர் 30 காலை ஒலிபெருக்கி வந்தது. சோனகத் தெரு ஆட்கள் ஜின்னா மைதானத்தில் கூட வேண்டும் என்றது. அங்கே புலிகள் இயக்கம் சொன்னது: ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணி நேரம். எங்கள் வரலாற்றில் இத்தனை நேர்த்தியான பயண ஏற்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. புறப்படும் நேரம் அறிவித்தார்கள், பொதிக்கு எல்லை வைத்தார்கள், கையில் எவ்வளவு காசு கொண்டுபோகலாம் என்று சொன்னார்கள், வழியில் பைகளைச் சோதித்தார்கள். கடவுச்சீட்டு மட்டும் கேட்கவில்லை. பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்தவற்றைத் தாங்களே பத்திரப்படுத்திக்கொண்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேறினார்கள். மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் எங்களுக்குச் சில நாள் முன்பே புறப்பட்டிருந்தார்கள். எங்களுடையதும் ஒருவழிச் சீட்டுத்தான். வாப்பும்மா லொறியில் ஏற மறுக்கவில்லை, அழவும் இல்லை. “அண்டைக்குக் கப்பல்ல கண்ட பிள்ளை இப்ப எங்க இருக்குமோ” என்று மட்டும் கேட்டா.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில். அங்கே வாப்பும்மா நாகூருக்குப் போகும் வழியைப் பற்றி அடிக்கடி கதைப்பா. “நாகூருக்குப் போறதெண்டா முதல்ல யாழ்ப்பாணம் போகோணும். இந்தியாவுக்கு விசா எடுக்கலாம் மகன், யாழ்ப்பாணத்துக்கு யார் தருவினம்?” அவ மௌத்தாகும்வரை அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சியில் நாகூர் ஹனிபாவின் குரல் கேட்கும்போது அவ முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளுவா. அந்தக் காலம் முழுக்க, நாகபட்டினத் தெருவில் ஆண்டுதோறும் கந்தூரிக் கொடிக்குக் கப்பல் ரதம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடலில்தான் ஓடவில்லை.

2004 டிசெம்பர் 26 சுனாமி நாகபட்டினக் கரையையும் எங்கள் வடமராட்சிக் கிழக்கையும் ஒரே காலையில் அடித்தது. விசா இல்லாமல் இரு கரைக்கும் வந்துபோனது அந்த ஒன்றுதான். நாகூர் தர்கா கதவைத் திறந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தது. இறந்தவர்களை எந்த மதம் என்று கேளாமல் தன் நிலத்தில் அடக்கவும் விட்டது.

போர் முடிந்தது. அதன்பிறகு வசதிகள் மழைபோலப் பெய்தன. 2010இல் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் வந்துவிட்டது. 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஆண்டு காங்கேசன்துறைவரை போனது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி விமான நிலையம் ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ ஆனது. எயார் சிலோன் தன் முதல் பயணத்தில், 1947 டிசெம்பர் 10இல், இரத்மலானையிலிருந்து இந்த ஓடுபாதை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. அப்போது அதற்குச் சர்வதேசம் என்று பெயர் இல்லை, சர்வதேசமாக இருந்தது மட்டுமே. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் நேர் விமானம். திருச்சியிலிருந்து நாகூர் ஒரு பாதி நாள்.

கப்பலும் வந்தது. 2023 ஒக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற 150 பேர் கொள்ளும் விரைவுக் கப்பல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. இந்தியப் பிரதமர் காணொளி வழியாகக் கொடியசைத்தார். மேளமும் பேச்சும் ஓயும் முன்னரே, ஒரு கிழமைக்குள், பருவமழையைக் காரணம் சொல்லிச் சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் அதை மறுபடி தொடங்கியது. கடலைக் கடக்க நாலு மணி நேரம் போதும். வாப்பும்மாவின் தோணி காற்றுக்குக் காத்துக் கிடந்த கடல் அது.

எல்லா வசதியும் வந்துசேர்ந்தபோது, அதற்கு உரியவர்கள் சோனகத் தெருவில் இல்லை. திரும்பி வந்து குடியேறியவை சில நூறு குடும்பங்கள். கூரையில்லாத சுவர்களுக்குள் ஆலங்கன்றுகள் வளர்ந்து மரமாகிவிட்டன. மற்றவர்கள் புத்தளத்தில் கல்வீடு கட்டி, அங்கேயே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நாகூருக்கு யாழ்ப்பாண வழியாகக் கப்பலில் போக விரும்பும் யாழ்ப்பாண முஸ்லிம் ஒருவர் இப்போது முதலில் 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வடக்கே வர வேண்டும். நான் அப்படித்தான் வந்தேன். வாப்பும்மா சொன்ன வழி சரியாகத்தான் இருந்தது.

விசாவைப் போனிலேயே எடுத்தேன். முகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது, வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றது, இந்தியாவில் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டது. “சாபு வீடு” என்று எழுதினால் ஏற்காது என்று தெரிந்ததால் ஒரு லொட்ஜின் முகவரியை எழுதினேன். துறைமுகத்தில் பொதியை நிறுத்தார்கள். தராசில் ஏறும்போது கிடாயின் ஞாபகம் வந்தது.

கப்பலில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இணுவிலைச் சேர்ந்த ஒரு அம்மா. கூட மகள், மருமகன். திருநள்ளாறு, சிதம்பரம், வேளாங்கண்ணி என்று ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தா. வேளாங்கண்ணிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை, யாழ்ப்பாணத்தில் அப்படிக் கேட்பவர் கிடையாது.

“நாகூருக்கும் ஒரு நேத்தி இருக்கு அண்ணை. அம்மா வைச்சது. மகன் கனடா போய்ச் சேர்ந்தா வெள்ளித்தகடு குடுக்கிறனெண்டு. அவர் போய் முப்பது வருசம். நீங்கள் எவடம்?”

“சோனகத் தெரு.”

“அங்கயோ? இப்ப அங்க ஆக்கள் இருக்கினமே?”

“கொஞ்சப்பேர் இருக்கினம். நான் புத்தளம்.”

அவ கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, “எங்கட வீட்டுச் சட்டையெல்லாம் முந்தி பெரியகடையில உங்கட ஆக்களிட்டத்தான் தைச்சது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அளவா தைக்கேல்லை” என்று சொல்லி, பையைத் திறந்து ஒரு பயித்தம் பணியாரத்தை நீட்டினா. யாழ்ப்பாணம் எங்களைப் பற்றித் தெரிவித்த வருத்தங்களில் தையலின் அளவைச் சொன்ன இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நாகூரில் சாபு ஒருவர் எதிரே வரத்தான் செய்தார். இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை, ஒன்லைனில் அறை போட்டீர்களா என்று கேட்டார். பாத்திஹா ஓதி முடித்ததும், காணிக்கைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கியூஆர் குறியைக் காட்டினார். என்னுடைய இலங்கைப் போன் அதைப் படிக்கவில்லை. அவர் முகத்தில் உண்மையான கவலை. “பரவாயில்லைங்க, கையிலயே குடுங்க” என்று அனுமதித்தார்.

“யாழ்ப்பாணத்துலேர்ந்து இப்ப நிறைய பேர் வர்றாங்க பாய்” என்றார்.

“முஸ்லிம்களா?”

அவர் யோசித்தார். “இல்லீங்க. எல்லாம் பொட்டு வெச்சவங்க.”

பழைய கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். பெரியப்பா வீட்டில் இருந்ததாகவும், சுனாமிக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். தர்காக் குளத்தில் படியிறங்கி முகம் கழுவினேன். பிரதாபசிங்கின் மினாராவில் புறாக்கள் இருந்தன. இணுவில் அம்மா தன் தகட்டோடு வரிசையில் நின்றா. வரிசையில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணம் அவ மட்டுமே.

புத்தளம் திரும்பியதும் மருமகன் விசாரணை வைத்தான். அவன் 1990க்குப் பிறகு பிறந்தவன், உம்ராவுக்கு ஆள் அனுப்பும் ஓரிடத்தில் வேலை செய்கிறான். தாடி உண்டு, மீசை இல்லை.

“அடக்கத்தலத்துக்குப் போறது ஷிர்க் மாமா. வாப்பும்மா காலத்துல தெரியாமப் போனாங்க. நீங்க படிச்சவரு.”

பிறகு தன் போனை எடுத்து உண்மையான யாத்திரை என்றால் என்ன என்று எனக்குக் காட்டினான். மக்காவிலிருந்து மதீனாவுக்கு 2018இல் தொடங்கிய அதிவேக ரெயில், 450 கிலோமீற்றர் பாதை, மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம். மதீனாவில் ரவ்ழாவுக்குள் போக ‘நுசுக்’ என்ற செயலியில் நேரம் எடுக்க வேண்டும். இந்த நேரத்துக்கு வா, இத்தனை நிமிடத்தில் வெளியேறு என்று அதில் வரும். பஸ், ஹோட்டல், சாப்பாடு, சக்கர நாற்காலி எல்லாம் ஒரே திரையில். ஹஜ்ஜுக்கு இலங்கைக்குக் கிடைப்பது 3,500 இடம் என்றும், உம்ராவுக்கு அப்படி வரையறை இல்லை என்றும், இரண்டு பேராகச் சேர்ந்தால் குறைத்துத் தருவதாகவும் சொன்னான். மார்க்கத்தையும் விலையையும் ஒரே மூச்சில் சொல்லும் திறமை எங்கள் பெரியகடை இரத்தம். அதை எந்த ஒலிபெருக்கியும் வெளியேற்றவில்லை.

நான் கந்தூரிக்குப் போகவில்லையே, சும்மா சியாரத்துத்தானே என்று நான் சமாதானம் சொன்னேன். ஏன் கந்தூரிக்குப் போகவில்லை என்று அவனே கேட்டான். அங்கேதான் இந்த வசதியின் முழு அழகும் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கப்பல் ஓடாது. கந்தூரி பிறைக் கணக்கில் வருவது, ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்கிக்கொண்டே போகும். கப்பல் வந்த 2023இல் கந்தூரி டிசெம்பர் நடுவில், 2024இல் டிசெம்பர் தொடக்கத்தில், 2025இல் நவம்பர் பிற்பகுதியில். அந்த நவம்பரில்தான் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிவிட்டுத் தமிழ்நாட்டுக் கரையோரமாக நகர்ந்தது. நாற்பது ஆண்டு கப்பலுக்குக் காத்திருந்துவிட்டு, கப்பல் ஓடாத மாதமாகப் பார்த்துக் கந்தூரி வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டையலின் தோணிக்கும் வாடைக்காலத்தில் ஓட முடியாதுதான். ஆனால் 1948இல் பிறை சித்திரையில் நின்றது. பிறையோடு யாரும் ஒப்பந்தம் செய்ய முடியாது.

ஒரு மாலை நானும் மருமகனும் அவன் போனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 2026இல் நவம்பர் நடு, 2027இல் ஒக்டோபர் முடிவு, 2028இல் ஒக்டோபர் நடு, 2029இல் அதற்கும் கொஞ்சம் முன்னே. 2030இல் கொடியேற்றம் செப்டெம்பர் கடைசிக்கு வந்துவிடுகிறது, வாடை தொடங்கும் முன். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயதாகும். வாப்பும்மா எழுபதைத் தாண்டிய பிறகும் லொறியில் ஏறினவ, எனக்குக் கப்பலில் ஏறக் கால் வரும்.

“2030இல இன்னொண்டு இருக்கு மாமா” என்றான் அவன், கணக்கின் சுவாரசியத்தில் மார்க்கத் தீர்ப்பை மறந்து. “அந்த வருசம் ரெண்டு நோன்பு வருது. ஜனவரியில ஒண்டு, டிசெம்பர்ல ஒண்டு.”

ஒரே வருடத்தில் இரண்டு நோன்பு வரும்போது ஒரு கந்தூரிக்குக் கப்பல் வராமலா போகும் என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனின் நாட்காட்டியைத் திறந்து, 2030 செப்டெம்பர் கடைசிக் கிழமையில் ‘மாமா – நாகூர் – கப்பல்’ என்று குறித்து, ஒரு மாதம் முன்னதாக மணி அடிக்கும்படி வைத்தான். ஷிர்க்குக்கு அலாரம் வைப்பது ஆகுமா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.